இருப்புக் காரணி

வெள்ளவத்தையில் என் அறைச் சுவர் ஒற்றைக் கல்.
பக்கத்து அறையின் இரவுச் செய்தி
பாதி இங்கே வந்துவிடும்,
மீதியைச் சுவர் வைத்துக்கொள்ளும்.
எவ்வளவு என்று கேட்டால் சொல்வேன்.
அதுதான் என் தொழில்.

பொரளையில் ஓர் ஆஸ்பத்திரி
புற்றை எரிக்க இயந்திரம் வாங்குகிறது.
கதிர் நோயாளியோடு நின்றுவிடாது.
மதிலுக்கு எத்தனை தடிப்பு என்று
தாளொன்றில் கையொப்பமிட வேண்டியவள் நான்.

கொன்கிறீற்றில் முப்பத்துமூன்று சென்ரிமீற்றர் போனால்
பத்தில் ஒன்று மிஞ்சும்.
இன்னொரு முப்பத்துமூன்று,
அதிலும் பத்தில் ஒன்று.
எவ்வளவு கட்டினாலும் பூச்சியம் வராது.
முதல் வருடம் இதைப் படித்தபோது தூக்கம் போயிற்று.
இப்போது வருகிறது.

இரவில் கணினியைத் துகள்களோடு விட்டுவிட்டுப் படுப்பேன்.
ஒவ்வொன்றுக்கும் அது தாயக்கட்டை உருட்டும்:
எவ்வளவு தூரம், எந்தப் பக்கம்,
விழுங்கப்படுமா, திரும்புமா.
பிறந்த புள்ளியிலிருந்து நின்ற புள்ளிவரை உள்ள தடத்துக்கு
எங்கள் பாஷையில் சரித்திரம் என்று பேர்.
விடிவதற்குள் ஒரு கோடி சரித்திரம்.
அநேகமானவை நாலைந்து வரியில் முடிந்துவிடும்.

இது நான் பார்த்த கணக்குத்தான்.
காலி வீதியில் காவலரண்கள் இருந்த நாட்கள்,
அப்பாவோடு பஸ்ஸால் இறங்கி
அடையாள அட்டையை நீட்டி நிற்போம்.
சிலர் நேரே போனார்கள்.
சிலர் ஒழுங்கைகளால் வளைந்து,
களைத்து, பிந்தி வீடு சேர்ந்தார்கள்.
சிலருடைய வரி அங்கேயே நின்றது.
நேரே போனவர்களை மட்டும் எண்ணினால்
விடை பிழைக்கும்.
சிதறி வந்தவர்களையும் கூட்ட
ஒரு பெருக்கம் இருக்கிறது, பாடப்புத்தகத்தில்.

மதிலுக்கு அந்தப் பக்கம் யார், எவ்வளவு நேரம்?
சூத்திரம் கேட்கும்.
அலுவலகம் என்றால் ஒன்று.
நடைகூடம், ஐந்தில் ஒன்று.
தெரு, நாற்பதில் ஒன்று.
வரைபடத்தில் தெரு என்றுதான் இருந்தது.
நான் 154இல் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

தெருவில் குசுமலதா இருந்தாள்.
லொத்தர் சீட்டு மேசை,
கம்பியொன்று முறிந்த நீலக் குடை.
ஏழரையிலிருந்து மத்தியானம்வரை
மதிலில் முதுகு சாய்த்து;
மேற்குப் பக்கம், காலையில் அங்கேதான் நிழல்.
"நாளைக்கு எட்டுக் கோடி, மிஸ்" என்றாள் சிங்களத்தில்.
அவளுடைய நிகழ்தகவை நான் சொல்லவில்லை.
என்னுடையதைச் சொல்ல
என் சிங்களம் போதவில்லை.
இரண்டு சீட்டு வாங்கினேன்.

நாற்பதை வெட்டி
இரண்டில் ஒன்று என்று எழுதினேன்.
இருபது மடங்கு.
மடக்கை எடுத்தால்
நாற்பத்துமூன்று சென்ரிமீற்றர் கூட.

ஒப்பந்தகாரர் மரிக்கார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அறை சுருங்கும். காசு ஏறும்.
ஒரு லொத்தர்க்காரிக்கா?
நாளைக்கு மாநகரசபை வந்து தூக்கும் அவளை."
நான் பார்த்தது புதன்கிழமை, என்றேன்.
புதன்கிழமை அவள் இருந்தாள்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள்
சீமெந்துத் தூசு தாங்காமல்
மேசையைச் சந்திப் பக்கம் கொண்டுபோய்விட்டாள்.
மரிக்கார் ஒரு படம் அனுப்பினார்:
வெறும் மதில், வெறும் நிழல்.
கீழே ஒரு சொல்லும் இல்லை.
நான் எண்ணை மாற்றவில்லை.
ஏன் என்று கேட்டிருந்தால்
அன்றைக்கு என்னிடம் விடையும் இல்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை
அளவுமானியோடு போனேன்.
உள்ளே இயந்திரம் முழுச் சக்தியில்.
வெளியே ஊசி மெல்ல நடுங்கியது,
கல்லிலும் வானத்திலும்
எப்போதும் இருக்கிற அந்தக் கொஞ்சத்துக்கு.

நிழலில் ஒரு நாய், நாலு குட்டிகள்.
போட்ட நாளிலிருந்து
இந்த இடத்தை விட்டு அசையவில்லை என்றான் காவலாளி.
நாய்க்கு அட்டவணையில் வரி கிடையாது.
ஒன்று என்று எழுதி
திரும்பவும் பெருக்கிப் பார்த்தேன்.

போதும்.